முட்டை மழை பெய்த மத்தியானம்

படித்த படிப்பையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த மாதமே காட்டிவிடத் துடிப்பவர்களை நம்பவே கூடாது. நானே அப்படித் துடித்தவள்தான். சத்துணவியல் பட்டம் வாங்கிய கையோடு, நாமக்கல் பக்கம் ஒரு முட்டை பேக்கிங் கம்பெனியில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்தேன். (பெயர்தான் பெரிசு, மேஜை ரொம்பச் சின்னது.)

கேன்டீனில் எல்லோரும் கலர் குடித்தார்கள். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பாட்டில் பாட்டிலாகச் சர்க்கரைத் தண்ணீர். எனக்கு மனம் பொறுக்கவில்லை. 'கலர் விற்பனை நிறுத்தம்' என்று எழுதி ஒட்டினேன். கேன்டீன் நடத்திய சரசக்கா நேரே என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, கலர்ல வர்ற லாபத்துலதான் மூணு மணி டீயைச் சும்மா குடுக்கறேன். கலர் இல்லீனா டீயும் இல்லீங்க."

"டீ எதுக்குங்கக்கா? மோர் குடுங்க. உடம்புக்குக் குளிர்ச்சி."

"ஊட்டுல எருமை கறக்குது, மோருக்கு எனக்குச் செலவில்லீங்க. ஆனாக் கெட்டியா இருக்கும், பரவாயில்லீங்களா?"

"கெட்டியாவே குடுங்க," என்றேன் பெருந்தன்மையாக. (கறிவேப்பிலை கிள்ளிப் போடவும் சொன்னேன். நிபுணர் அல்லவா!)

மறுநாள் சாயங்காலம் முதலாளி வந்து என் வேலையை நிரந்தரமாக்குவதாக இருந்தது. சித்திரை மாதத்து மத்தியான வெயில். வயிறு நிறையச் சோறு, அதற்கு மேல் ஆளுக்கு இரண்டு டம்ளர் மோர். ஆட்களை உற்சாகப்படுத்த நானும் முட்டை வரும் பெல்ட்டின் கடைசியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் மிதந்து வந்தன. பார்க்கப் பார்க்கக் கண்ணெல்லாம் வெள்ளையாக நிறைந்தது. எதிரே தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பிறகு எங்கோ மழை பிடித்துக்கொண்டது. பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் நான் தனியாக நடக்கிறேன். பெரிய பெரிய துளிகள் தொப், தொப்பென்று விழுகின்றன. காலில் ஈரம் படுகிறது. அவ்வளவு சுகமான மழையை அதற்கப்புறம் நான் கண்டதே இல்லை.

"அம்மணி!"

கண் விழித்தால், சாயங்காலம் வர வேண்டிய முதலாளி. எடுத்து அடுக்க ஆளில்லாமல் முட்டைகள் பெல்ட் முனையிலிருந்து தொப், தொப்பென்று விழுந்துகொண்டிருந்தன. என் செருப்பு மஞ்சள் கருவுக்குள் இருந்தது. சரசக்கா மோர்ப் பானைமேல் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பதறி எழுந்தேன், வழுக்கினேன், கைக்கு அகப்பட்ட முதலாளியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். (இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.) வேலை போயே போச்சு என்று அழுகை வந்துவிட்டது.

அவர் தரையையும் சுவரில் இருந்த அறிவிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "கலரே குடிச்சுக்கட்டும் சாமி," என்றார். "இந்த மோரு நமக்குக் கட்டுப்படியாகாது."

கலர் மறுநாளே திரும்பியது, கூடவே டீயும். என் வேலை நிரந்தரமாகத்தான் இன்னும் ஆறு மாதம் ஆனது.

இப்போதும் வீட்டில் மழைச் சத்தம் கேட்டால் போதும், என் கணவர் போர்வைக்குள்ளிருந்தே மகளை ஏவுவார்: "சாமி, எதுக்கும் எந்திரிச்சுப் பாத்துட்டு வா, மழைதானான்னு."

அவளும் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ரொம்பப் பொறுப்பாக நின்று பார்த்துவிட்டுச் சொல்வாள்: "தண்ணிதானுங்கப்பா. முட்டை ஓடு இல்லீங்க."