புகாரே இல்லாத குடியிருப்பு

அக்டோபர் 14, செவ்வாய்.

ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து என்று விட்டுவிட்டேன். சிறு பிழைதான். ஆனால் நடந்தது மனித குலத்தின் மகத்தான சாதனைகளில் ஒன்றான, மல்லேஸ்வரம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செய்தி சர்வரில்.

செய்தி சர்வர் என்பது வாட்ஸப் பிறப்பதற்கு முன்பே இருந்த ஏற்பாடு. ஒருவர் எழுதி அனுப்புவதைத் தலைப்புவாரியாகப் பலகையில் சேர்த்துவைக்கும். வேண்டியவர் வந்து படிப்பார். சங்கத்துக்கும் வாட்ஸப் குழு இருந்தது. செயலாளர் சுந்தரேசன் சாருடைய கணபதி விழா உரைக்கு இருபத்தேழு பேர் கட்டைவிரலைக் கீழே காட்டியதால், 'தொழில்நுட்பக் காரணங்களுக்காக' அது மூடப்பட்டது.

அந்த நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். நான் படிக்கும் கணினி மாலை வகுப்பில் சான்றிதழ் வேண்டுமென்றால், நிஜமான ஓர் இடத்தில் சர்வர் அமைத்து, அங்குள்ள பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சான்றிதழ் வந்தால் பகல் வேலையில் மவுஸ் மாற்றிக் கொடுப்பதிலிருந்து எனக்கு விடுதலை.

சுந்தரேசன் சார் முப்பத்திரண்டு வருடம் அரசுப் பணியில் இருந்தவர். சர்வரின் அமைப்புகளை அவரே சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். புகார் எதுவானாலும் மாடிப் பிரதிநிதி, செயலாளர், தலைவர் என்று மூவரும் கையெழுத்திட்ட பிறகே பலகைக்குப் போகும். இது 'முறையான வழி'. எழுதி ஒரு நாளுக்கு மேல் ஆன செய்தியைச் சர்வர் ஏற்காது. இது 'புத்துணர்வு'. மூன்று கையெழுத்து ஆக நான்கு நாள் பிடிக்கும். இது இயற்கை.

பலன் உடனே தெரிந்தது. அக்டோபர் ஒன்று முதல் பன்னிரண்டு வரை பலகையில் ஒரு புகார்கூட இல்லை. லிஃப்ட் நின்று பல நாளாகியும் இல்லை. லிஃப்ட் கம்பெனியும் எங்கள் பலகையைப் படிக்கிறது. புகார் தெரிந்தால்தான் ஆள் அனுப்புவார்கள். தெரியவில்லை, அனுப்பவில்லை. இவ்வளவு ஒழுங்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்வரில் புதுப் பதிப்பை ஏற்றினேன். அது 'புத்துணர்வை'த் தன் வழக்கப்படி பத்து நாள் என்று வைத்துக்கொண்டது. ஒன்றாக மாற்ற மறந்தேன். நோட்டில் டிக் அடித்திருக்கிறேன், எப்படி அடித்தேன் என்று தெரியவில்லை. நான்காம் மாடி அலர்மேல்மங்கை மேடம் ஒன்பதாம் தேதி எழுதிய புகார், மூன்று கையெழுத்தும் பெற்று, நேற்று பலகையில் ஏறிவிட்டது. அவருடைய மூன்றாவது புகார் அது. முதல் இரண்டும் 'பழைய செய்தி' என்று திரும்பியவை.

இன்று காலை லிஃப்ட் கம்பெனி மெக்கானிக் கில்பர்ட் வந்தார். பத்தொன்பது நாளுக்குப் பிறகு லிஃப்ட் ஓடியது.

மாலை ஆறு மணிக்குக் கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்கு எதிரே அவசரக் கூட்டம்.

"பன்னெண்டு நாள் ஒரு புகார் உண்டா? இந்த பில்டிங் மாதிரி நிம்மதியான பில்டிங் பெங்களூர்ல உண்டா?" என்றார் சுந்தரேசன் சார்.

"இல்ல சார். ஆனா லிஃப்ட்டு ஓடல," என்றேன்.

"ஓடலைங்கறதுக்குப் பலகைல ஆதாரம் இருந்துதா?"

"நேத்து வந்துச்சு சார்."

"அதான் கேக்கறேன். ஒன்பதாம் தேதி எழுதினது பதிமூணாம் தேதி எப்படிப்பா நியூஸ் ஆகும்?"

"கையெழுத்து ஆக நாலு நாள் ஆச்சு சார்."

"என் கையெழுத்தைக் குத்தம் சொல்றியா?"

அப்போது லிஃப்ட் கதவு திறந்தது. காலில் மாவுக்கட்டோடு, ஊன்றுகோலை ஊன்றி அலர்மேல்மங்கை மேடம் வெளியே வந்தார்.

சுந்தரேசன் சார் எழுந்தே விட்டார். "நீங்க எப்படிக் கீழ வந்தேள்?"

"லிஃப்ட்ல. ஆறாம் தேதி பிரிக்க வேண்டிய கட்டு சார் இது. படியில இறங்க முடியல. உள்ள அரிக்கறதேன்னு ஸ்கேலை விட்டுச் சொறிஞ்சேன். இப்ப ஸ்கேலும் உள்ள போயிடுத்து."

"ஸ்கேலுக்குத் தனிப் புகார் எழுதுங்கோ. ஒரே மனுவுல ரெண்டு விஷயம் வரக்கூடாது."

லிஃப்ட்டை மறுபடி பார்த்துவிட்டுப் போக வந்து, கருவிப் பையைத் தோளில் மாட்டியிருந்த கில்பர்ட் இடையில் பேசினார். "சார், இப்ப ஓடுறது சும்மா ரெண்டு நாளைக்குத்தான். பெல்ட்டு தேஞ்சிடுச்சி. போர்டுல இன்னொரு புகார் வந்தா ஆபீஸ்ல புது பெல்ட்டு குடுப்பாங்க."

"இன்னைக்கே எழுதித் தரேன்," என்றார் மேடம்.

"தாராளமா. முறையான வழில வரட்டும்," என்று சொல்லிவிட்டுச் செயலாளர் என் பக்கம் திரும்பினார். "உத்தமன், நாளைக்கு அந்தப் பத்தை ஒண்ணாக்கு. அப்புறம் உன் பேப்பரைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். திரையைப் பார்த்துட்டுத்தான் போடுவேன்."

கூட்டம் கைதட்டலோடு முடிந்தது. நானும் தட்டினேன்.

ஈஜிபுராவில் இருக்கும் என் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நோட்டை மறுபடி சரிபார்த்தேன். மொத்தம் பதினைந்து அமைப்புகள். பதினான்கைச் சங்கம் சொன்னபடி துளி பிசகாமல் செய்திருக்கிறேன். அவற்றைக் கொண்டு நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்மணியை நான்காம் மாடியில் பூட்டி வைத்திருந்தோம். அவரைக் கீழே இறக்கியது நான் தவறவிட்ட அந்த ஒன்று.

நாளைய வேலை: காலை எட்டரைக்கு மேடத்தை லிஃப்ட்டில் இறக்கி, ஆட்டோ பிடித்து, கட்டுப் பிரிக்க அனுப்புவது. மாலை ஆறரைக்குப் பத்தை நூறாக்குவது. கையெழுத்துக்கு அடுத்த வருட வகுப்பில் வேறு இடம் பார்ப்பது.