குசினிக்கு மேலே லாஞ்சிக் குழாய்

சேசு மரி சூசை துணை

பெரியதாழை,
ஆகஸ்டு 1946, ஞாயிற்றுக்கிழமை

கொழும்பில் கடை நடத்திவரும் அன்பு மச்சான் தேவபிரசாதம் அவர்களுக்கு, உங்கள் தங்கை அமலோற்பவத்தின் புருஷனும், தூத்துக்குடித் துறைமுகத்தில் நெடுங்காலம் லாஞ்சி என்னும் நீராவிப் படகுக்கு டிரைவராக இருந்து இப்போது சும்மா இருப்பவனுமாகிய அம்புரோஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் வீட்டாரும் வியாபாரமும் சுகமென்று நம்புகிறேன். சுகம் என்று நான் எழுதியது வழக்கத்துக்காக. சுகமில்லாத சங்கதியைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன்.

'என் தங்கச்சி சமைக்கிற குசினியைக் கப்பலாக்கிவிட்டீராமே, உடனே அவளை இங்கே அனுப்பிவையும்' என்று எழுதியிருந்தீர்கள். இங்கிருந்து தோணியில் வந்த யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். முதலாவது, அது கப்பல் இல்லை, லாஞ்சி. இரண்டாவது, குசினியை யாரும் லாஞ்சி ஆக்கவில்லை, லாஞ்சியின் புகைக்குழாயை மட்டும்தான் குசினிமேல் நிறுத்தினேன். இந்த வித்தியாசம் கடைக்காரருக்குப் பெரிதாகத் தெரியாது, எனக்குத் தெரியும்.

உங்கள் தங்கைக்கு இருமல் இருப்பது உங்களுக்குத் தெரியும். நான் துறைமுகத்தோடு கிடந்த வருஷமெல்லாம் லீவில் வரும்போது கேட்பேன், ஏதோ சளி என்று நினைத்துக்கொள்வேன். வேலை முடிந்து வீட்டோடு வந்து, ஒருநாள் பேச்சுத்துணைக்குக் குசினியில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உடைமர விறகும் பனைமட்டையும் ஈரத்தோடு எரிய, அவள் குனிந்து ஊதுகுழலால் ஊத, புகை முழுவதும் அவள் முகத்துக்கே வந்தது. கொதிகலன் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்த எனக்கு உலை கொதிக்கும்வரை அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே ஓடினேன். அவள் ஓடவில்லை, சோறு பொங்கிக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம், சுருட்டுக் குடிப்பீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்களைவிட இந்த அம்மா அதிகம் குடிக்கிறாங்க" என்றார். அடுப்புப் புகையைத்தான் சொன்னார், இது இப்படியே போனால் மூச்சு நாளுக்கு நாள் குறையும் என்றும் சொன்னார். உங்கள் தங்கைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை, சுருட்டு மட்டும்தான் ஏறியது. தன் வாழ்நாளில் சுருட்டைத் தொட்டதில்லை, இப்படி ஒரு மானக்கேடான டாக்டரிடம் கூட்டிவந்தீர்களே என்று திருச்செந்தூர் வரும்வரை பஸ்ஸில் என்னோடு பேசவில்லை.

நான் முதலில் கூரையைப் பிரித்து ஒரு ஓட்டை போட்டேன். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று அந்த ஓட்டை வழியாக இறங்கி, வெளியே போன புகையையும் சேர்த்து உள்ளே தள்ளியது. வீடு தீப்பற்றிவிட்டதென்று அக்கம்பக்கத்தார் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது கஞ்சியுமில்லை சோறுமில்லை. புகைக்கு உயரம் வேண்டும், உயரம் இருந்தால் தானே இழுத்துக்கொள்ளும். இது லாஞ்சி ஓட்டியவனுக்குப் பாலபாடம், பதற்றத்தில் மறந்துபோயிற்று. உடனே தூத்துக்குடிக்குப் போனேன். அங்கே ஒரு பழைய லாஞ்சியை உடைத்துப் போட்டிருந்தார்கள். என் கீழே வேலை பார்த்த ஒருவர் இப்போது அங்கே மேஸ்திரி. அந்தப் புகைக்குழாயை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார். வந்து செங்கல்லும் மண்ணும் குழைத்து மூடிய அடுப்புக் கட்டி, குழாயை அதில் பொருத்தி, கூரைக்கு மேலே ஓர் ஆள் உயரம் நிற்கும்படி கம்பி போட்டு இழுத்துக் கட்டினேன். கையோடு கறுப்புப் பெயிண்டும் நடுவில் சிவப்புப் பட்டையும் அடித்தேன். பட்டை இல்லாவிட்டால் அது குழாய் மாதிரியே இல்லை.

முதல் நாள் அடுப்பு மூட்டிவிட்டு அமலோற்பவம் குனிந்து குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு, "இந்தாருங்க, அடுப்பு எரியுதான்னு பாருங்க" என்று கூப்பிட்டாள். புகை இல்லாமல் நெருப்பு இருக்கும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. விரலை வைத்துப் பார்த்து, சுட்டுக்கொண்டு, சிரித்தாள். சிரித்து முடித்தால் இருமல் வரும், எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு வரவில்லை. சந்தோஷத்தில் இன்னொரு தரம் அவளைச் சிரிக்கவைத்துப் பார்த்தேன் மச்சான், உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

இதுவரைக்கும் நல்லது. இனிமேல்தான் வில்லங்கம். எங்கள் வீடு கரை மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது, கடலிலிருந்து பார்த்தால் கூரை தெரியாது, மேட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் மட்டும் தெரியும். மறுநாள் காலையில் எங்கள் ஊர் மீன்பிடிகாரர் சிலுவையின் வள்ளம் வலை போட்டிருந்த சமயம், கரைப்பக்கம் சிவப்புப் பட்டைக் குழாய் ஒன்று நின்று கரும்புகை கக்குவதைப் பார்த்திருக்கிறார்கள். தூத்துக்குடி லாஞ்சி கரைதட்டி நிற்கிறது, டிரைவர் பின்னால் எடுக்கத் திணறுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஆபத்தில் நிற்கிற கலத்தைப் பார்த்துவிட்டுப் மீன்பாடு பார்த்துக்கொண்டிருக்கிற வழக்கம் நம் கரையில் கிடையாது, அது உங்களுக்கும் தெரியும். வந்த மீனோடு வலையை அவிழ்த்துவிட்டு, சுற்றியிருந்த கட்டுமரங்களையும் கூவி அழைத்துக்கொண்டு, தண்டு வலித்து வந்து சேர்ந்தார்கள். தோளில் வடக்கயிறும், மேலெல்லாம் உப்புத் தண்ணீருமாக அத்தனை ஆம்பிளைகளும் எங்கள் முற்றத்தில் வந்து நின்றபோது, உங்கள் தங்கை சாளைமீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர்களையே விசாரித்தாள்.

சிலுவை அன்றைக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் பக்கத்து ஊர் மணப்பாட்டுக்காரர்களும் கயிற்றோடு வந்து இறங்கியபோது ஊர் கூடிவிட்டது. இன்று காலைப் பூசை முடிந்து கோவில் வாசலில் பேச்சு. பட்டையை அழித்துவிடுகிறேன் என்றேன், வெள்ளை அடிக்கிறேன் என்றேன். குழாயின் உருவம் மாறாதே என்றார்கள். கடைசியில் சிலுவை எழுந்து அமைதியாகச் சொன்னார்: "அண்ணாச்சி, எங்க மீனு போனது போட்டும். நாளைக்கு நெசமாவே ஒரு லாஞ்சி கரைதட்டி நின்னா, அம்புரோஸ் அண்ணாச்சி வீட்டுல சோறு பொங்குதுன்னு நாங்க சும்மா இருந்துருவோம். உசுரு போயிரும்லா."

அவர் சொன்னது நியாயம். நானே ஒருதரம் கரைதட்டி, இந்த ஊரார் கயிற்றால் பிழைத்தவன். நாளை காலையில் வந்து குழாயை இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே மச்சான், நீங்கள் கேட்டபடியே உங்கள் தங்கையை அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். அந்தப் புகையில் அவளை மறுபடியும் உட்காரவைக்க என்னால் முடியாது. அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் அவள் மூச்சு எனக்குப் பெரிது. துறைமுகத்துக்கு வந்து கூட்டிப்போகவும். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சர்வேசுரன் உங்கள் குடும்பத்துக்கும் கடைக்கும் குறைவில்லாமல் படியளப்பாராக.

இப்படிக்கு,
அம்புரோஸ்

பின்குறிப்பு: திங்கட்கிழமை மத்தியானம். கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுத வேண்டியதாயிற்று. காலையில் சிலுவையும் ஆட்களும் குழாயை இறக்க வந்தார்கள். குசினிக்குள்ளே சிலுவையின் பெண்சாதி பிலோமினாவும், கூட வந்த ஆட்களின் பெண்சாதிமாரும் அவரவர் சட்டியோடு வரிசையில் இருந்தார்கள். ஊர் ஆம்பிளைகள் குழாயைக் குறைசொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் இவர்கள் இங்கேதான் சமைத்திருக்கிறார்கள், நான் சுருட்டு வாங்கப் போகிற நேரமாகப் பார்த்து. பிலோமினா வெளியே வந்து, "கழத்துங்க, கழத்திட்டு இன்னைக்குச் சோத்த நீங்களே ஆக்குங்க" என்று தன் வீட்டுச் சாவியைச் சிலுவை கையில் கொடுத்தாள். அவரும் ரோசத்தில் போய் அடுப்பு மூட்டினார். உலை கொதிக்கும் முன்னே கண் சிவந்து, இருமிக்கொண்டு வந்து, குழாயை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "ஒண்ணு நின்னாத்தான அண்ணாச்சி லாஞ்சின்னு தோணும். ஊரு பூரா நின்னா நம்ம ஊருன்னுல்லா தெரியும்" என்றார். தகரத்தில் குழாய் அடித்துத் தர முடியுமா என்று ஊரே இப்போது என்னைக் கேட்கிறது. நான் சும்மா இருக்கிறேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும்.

உங்கள் தங்கையிடம் கொழும்புப் பயணத்தைச் சொன்னேன். வரமாட்டாளாம். போனதரம் அங்கே வந்திருந்தபோது உங்கள் குசினியில் மதினி இருமிய இருமல் தன்னுடைய இருமலைப் போலவே இருந்ததாம். ஆகையால் அடுத்த கப்பலில் மதினியை இங்கே அனுப்பிவைக்கும்படி சொல்லச் சொன்னாள்.