பெரிய டிராகன் வரட்டும்

டிராகனைக் கொல்லும் ஆட்டங்களை ஆடுகிறவர்களுக்குள் ஓர் இனம் இருக்கிறது. வாள் வீசத் தெரியும், மந்திரம் போடத் தெரியும், பையிலிருக்கும் மருந்துக் குப்பியைத் திறக்க மட்டும் உயிரே போனாலும் மனம் வராது. சிக்கனக்காரர் என்று சொன்னால் அது மரியாதையாகப் போய்விடும் என்பதால் நான் இவர்களை 'வரட்டும்காரர்கள்' என்கிறேன். எப்போது கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பெரிய டிராகன் வரட்டும்."

வீடியோ கேமில் இவர்களில் ஒருவரைப் பாருங்கள். காட்டுக்குள் நுழைந்ததும் மரப்பெட்டியை உடைப்பார், ஒரு குப்பி. பூதத்தைக் கொல்வார், இன்னொரு குப்பி. யாரோ ஒரு கிழவரின் தொலைந்துபோன பன்றியைத் தேடிக் கொடுத்து அதற்கும் ஒன்றை வாங்கிக்கொள்வார். முதுகில் ஏழு அம்பு தைத்திருக்க, உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு நூலாக இளைத்துக் கிடக்க, அப்போதும் ஒரு வாய் குடிக்காமல் நொண்டி நொண்டி மலையேறி, கடைசி டிராகனையும் எப்படியோ குத்திச் சாய்த்துவிட்டு, ஆட்டம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடும்போது பையைத் திறந்து பார்ப்பார். தொண்ணூற்றொன்பது குப்பி! அதற்குமேல் பை கொள்ளாது. அந்த முகத்தில்தான் எத்தனை திருப்தி!

எங்கள் பாஸ்கல் இந்த இனத்தில் பொறுக்கி எடுத்த உருப்படி. துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை. புது ஷூவை இரண்டு வருஷம் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்து, மாதா கோயில் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனான். பாதி வழியில் அடிப்பாகம் தனியாகக் கழன்று வந்துவிட்டது. மொறுமொறுவென்ற முந்திரி மக்ரூன் வாங்கினால் விருந்தாளிக்கென்று எடுத்துவைப்பான். விருந்தாளி வந்தால்? நல்ல விருந்தாளியாக வரட்டும் என்று உள்ளே தள்ளிவைப்பான். உப்புக்காற்றில் அது நமுத்துப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் சண்முகப்ரியா வீட்டு மேசையில் நாங்கள் ஆடுவது திரையில்லாத ஆட்டம். அவள் கதை சொல்லி நடத்துவாள். நாங்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அடி விழுந்ததா தப்பியதா என்று இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம். நான் கோடரி ஏந்திய குள்ளன். ஜெனிலா வில்வீராங்கனை, ஆட்டத்துக்கு வெளியே பாஸ்கலுக்கு நிச்சயமான பெண், ஜூனில் கல்யாணம். பாஸ்கல் எங்கள் வைத்தியர். பையில் பதினான்கு குப்பி. இத்தனை நாளில் ஒரு மூடியாவது திறந்திருப்பான் என்று நினைக்கிறீர்களா?

அன்று கதையில், எங்கள் துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவில் இறங்கியிருந்த டிராகன் ஒரு மூச்சுத் தீயைக் கக்கி வில்வீராங்கனையைத் தரையில் சாய்த்தது.

"அத்தான், ஒரு குப்பி ஊத்துங்க. இல்லன்னா அடுத்த சுத்துல செத்துருவேன்" என்றாள் ஜெனிலா.

"கொஞ்சம் பொறு. பெரிய டிராகன் வரட்டும்."

"அண்ணே, இதுதான் பெரிய டிராகன்" என்றாள் சண்முகப்ரியா. "இதுக்கு மேல டிராகனே கெடையாது."

"நீ அப்படித்தான் சொல்லுவ. பொறவு பெருசா ஒண்ண எறக்குவ."

"ஏலே, ஊத்துலே!" என்று கத்தினேன்.

பாஸ்கல் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஜெனிலா பகடையை உருட்டினாள். ஒன்று விழுந்தது. வீராங்கனை செத்தாள்.

ஜெனிலா தன் வேஷத்தின் விவரம் எழுதிய தாளை நான்காக மடித்தாள். "நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரை தருவீங்களா, இல்ல, பெரிய காய்ச்சல் வரட்டும்னு பாத்துக்கிட்டு இருப்பீங்களா?"

பாஸ்கல் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. ஒருவேளை அதையும் எடுத்து வைத்திருந்தானோ என்னவோ!

"ஜூனப் பத்தி யோசிச்சுச் சொல்லுதேன்" என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஆறு நாள் அவன் போனை அவள் எடுக்கவில்லை.

ஏழாம் நாள் ஆட்டத்துக்கு வந்தாள். பாஸ்கலைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். புது வேஷம், சூனியக்காரி. தீவில் காலை வைத்ததும் உடைமுள் ஒன்று குத்தியது.

பாஸ்கல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "ஊத்துதேன்!"

"எத்தன குப்பிண்ணே?"

"பதினாலும்!"

"முள்ளுக்கா?"

"பதினாலையும் ஊத்துதேன்னு சொல்லுதேன்லா!"

ஜெனிலா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். கல்யாணம் பிழைத்தது. பத்தாவது நிமிஷம் டிராகன் திரும்பி வந்தது. ஒரு சொட்டு மருந்தில்லாமல் மூன்று பேரும் வரிசையாகச் செத்தோம். என் குள்ளன்தான் முதலில். கோபம் வந்தது, மறைப்பானேன்? ஆனால் அதைவிடச் சந்தோஷமாக நான் செத்ததில்லை.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? ரொம்ப நல்லது. உங்கள் பீரோவில், மடித்த துணிக்கு அடியில், மஸ்கட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சென்ட் பாட்டில் ஒன்று பிரிக்காமலே கிடக்கிறதே, அதை எடுங்கள். பாஸ்கல் கல்யாணம் ஜூன் பத்தாம் தேதி. தாராளமாக அடித்துக்கொண்டு வாருங்கள். அவசியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இதற்குப் போயா அதைப் பிரிப்பது என்று இப்போது ஒரு நொடி யோசித்தீர்கள் பாருங்கள், மாட்டிக்கொண்டீர்கள்.