ஒருவர் மட்டும் அமரலாம்

பத்து நிமிடத்தில் ஏறிய காற்று, அரை மணி நேரமாக இறங்க மறுத்தது.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே பத்தடி நீளத்துக்கு ஆரஞ்சு நிறப் படகு ஒன்று விறைத்துக்கொண்டு கிடந்தது. அதன் மூக்கு ஜன்னல் திரைக்குள் நுழைந்திருந்தது. வால், படுக்கையறைக் கதவை உள்பக்கமாக முட்டிக்கொண்டிருந்தது. தன் தொண்ணூற்றிரண்டு கிலோவாவது காற்றை வெளியே தள்ளும் என்ற நம்பிக்கையில், பொறுமை அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பொறுமை என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார் பிரிவில் பத்தொன்பது வருடமாகத் தொலைபேசியை எடுத்துக்கொண்டிருக்கிறார். நாளுக்கு எண்பது பேராவது திட்டுவார்கள். அத்தனை பேருக்கும் "புரியுதுங்க, உங்க கஷ்டம் புரியுது" என்று ஒரே குரலில் பதில் சொல்வார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வால்வின் மூடியைக் கழற்றியாயிற்று. காற்று வரவில்லை. உள்ளேயிருந்த சின்ன முளையை விரலால் அழுத்தினால் 'புஸ்' என்று மாடிவரை கேட்கிற மாதிரி சீறியது. பயந்து விரலை எடுத்தால் கப்சிப். மாடியில் மனைவியின் தம்பி குடியிருந்தான். அவன் காதில் இந்தச் சத்தம் விழுவதைவிட, படகோடு இப்படியே வயதாகிப் போவது மேல் என்று பொறுமைக்குத் தோன்றியது.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கடைக்குப் போன மனைவி அரை மணி முன்னதாகவே திரும்பிவிட்டாள். படுக்கையறைக் கதவு இரண்டு விரற்கடை திறந்து நின்றது.

"என்னங்க, கதவு திறக்கலையே."

"திறக்காது."

"ஏன்?"

"பின்னாடி ஒரு சாமான் இருக்கு."

"என்ன சாமான்?"

பொறுமை படகை மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தார்.

"படகு" என்றார்.

அதற்குள் படிக்கட்டில் தடதடவென்று செருப்புச் சத்தம். யாரும் கூப்பிடாமலே வந்து சேருவதில் மைத்துனனை மிஞ்ச ஆளில்லை. கதவிடுக்கில் அவனுடைய ஒற்றைக் கண் தெரிந்தது.

"அக்கா, உள்ளே ஆரஞ்சு கலர்ல என்னமோ இருக்கு. மாமா அதுக்குள்ள உக்காந்திருக்காரு."

"எனக்குத் தெரியும். நீ தள்ளி நில்லு."

கதவிடுக்கு வழியாக மனைவியின் கை மட்டும் உள்ளே வந்தது. வளையல்கள் கதவில் உரச, வால் பக்கமிருந்த வால்வைத் தடவிக் கண்டுபிடித்து, முளையை அழுத்தி ஒரு திருகு திருகியது. அவ்வளவுதான். படகு நீளமாகப் பெருமூச்சு விட்டது. பொறுமை கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கினார். கடைசியில் ஆரஞ்சுத் துணிக்குவியலின் மேல் அவர் மட்டும் உட்கார்ந்திருக்க, கதவு முழுதாகத் திறந்தது.

"உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தார்.

"குக்கரோட இருபது வருஷமா குடித்தனம் பண்றேன். காத்தை இறக்கத் தெரியாதா?"

மைத்துனன் அதற்குள் குனிந்து, படகின் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததை ஊருக்கே படித்துக்காட்டினான்.

"ஒருவர் மட்டும் அமரலாம். அதிகபட்சம் நூற்றிருபது கிலோ." நிமிர்ந்தான். "ஒருத்தர் மட்டுமா, மாமா? அப்ப அக்கா?"

பொறுமைக்குக் காது மடல் சூடாகியது. கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனுக்காவது ஓடுவதற்கு ஒரு வாசல் இருக்கும். அவருடைய வாசலில் மனைவியும் மைத்துனனும் நின்றார்கள்.

உண்மை என்னவென்றால், அவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும். எந்தக் குரலும் எட்டாத ஒரு மணி நேரம். அலுவலகத்தில் எண்பது பேர், வீட்டுக்கு வந்தால் மைத்துனனின் "மாமா", இடையிடையே மனைவியின் "என்னங்க". தண்ணீருக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் யாரால் கூப்பிட முடியும் என்று ஒரு நாள் பேருந்தில் யோசனை வந்தது. இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் படித்தார். ரப்பரா, பிளாஸ்டிக் துணியா, அடித்தளம் தட்டையா, பள்ளமா, துடுப்பு எத்தனை துண்டாகப் பிரியும், மூட்டையாகக் கட்டினால் தோளில் தூக்க முடியுமா என்று எல்லாம் பார்த்தார். கயாக் என்று அதற்குப் பெயர் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

கடையில் விற்பனைப் பெண் இரண்டு படகுகளை விரித்துக் காட்டியிருந்தாள்.

"சார், ரெண்டு பேர் படகு எடுத்தீங்கன்னா வீட்ல மேடமும் வரலாம். வித்தியாசம் ரொம்ப இல்ல."

பொறுமை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மருந்துக்கடையில் சொல்லக் கூசுகிற பொருளைக் கேட்பது போலக் குரலைத் தாழ்த்தி, "ஒருத்தர் போதும்மா" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி பகல் பாராமல் கூடவே இருந்தவளுக்கு ஓர் இருக்கை வாங்க மனம் வரவில்லையே. இதை எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. பொய் சொன்னார்.

"ஆபீஸ்ல குடுத்தாங்க. இத்தனை வருஷம் வேலை பார்த்ததுக்குப் பரிசு. ஒருத்தர் படகைத்தான் குடுத்தாங்க, நான் என்ன பண்ண?"

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள். "நல்ல பரிசுதான்" என்றாள். பிறகு படகை ஈரத்துணியால் துடைத்து, ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, பைக்குள் போட்டு வைத்தாள். அவர் காலையில் பிரித்தபோது இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது மூட்டை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பொறுமைக்கு.

மறுநாள் பதினொரு மணிக்குப் புகார் பிரிவில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. பக்கத்து மேசைக்காரர் தன் அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

"எங்க மாமாவுக்குப் படகு குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்று மைத்துனனின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "இப்படி ஒரு கம்பெனி உலகத்துல கிடையாதுங்க. குடும்பமே கையெடுத்துக் கும்பிடுது."

புகார் பிரிவின் வரலாற்றில் நன்றி சொல்லி வந்த முதல் அழைப்பு அதுதான்.

சாப்பாட்டு இடைவேளைக்குள் ஆறு பேர் கையெழுத்திட்ட மனு மேலாளரம்மாவின் மேசைக்குப் போய்விட்டது. பொறுமையைவிட மூத்தவர்கள் மூன்று பேர் இருக்க அவருக்கு மட்டும் படகு ஏன் என்று அதில் கேட்டிருந்தார்கள். ஒருவர் தனக்கு நீச்சல் தெரியாததால் சைக்கிள் போதும் என்று கீழே எழுதியிருந்தார்.

மேலாளரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான் உங்களுக்குப் படகு குடுத்தேனா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப யாரு குடுத்தா?"

"நானே எனக்குக் குடுத்துக்கிட்டேன்."

நடந்ததை அவர் தலைகுனிந்து சொல்லச் சொல்ல, மேலாளரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் பொறுமைக்குத் திட்டு பழகியிருந்தது. இந்த மௌனம் பழகவில்லை.

"நம்ம விதி உங்களுக்கே தெரியும். எந்த அழைப்பு வந்தாலும் ஒரு வாரத்துல திருப்பிக் கூப்பிட்டு பதில் சொல்லணும். அடுத்த திங்கட்கிழமை உங்க வீட்டுக்குக் கூப்பிடுவேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. உங்க வாயால வந்தா நல்லாயிருக்கும்."

மாலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. 'நிறுவனம் எவருக்கும் படகு வழங்கவில்லை. வழங்கும் உத்தேசமும் இல்லை.' பொறுமை அதைக் கடந்து போகும்போது காலணியின் முனையையே பார்த்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை சொல்ல நினைத்தார். மனைவிக்குத் தலைவலி. புதன்கிழமை வாயைத் திறந்தார். மைத்துனன் உள்ளே வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை மைத்துனன் ஒரு திட்டத்தோடு வந்தான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறோம். நீங்க படகுல இருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, பெரிசா பிரேம் போட்டு, உங்க மேலாளரம்மாவுக்கு அனுப்பறோம்."

"வேண்டாம்" என்றார் பொறுமை.

"அந்த ஏரி வேண்டாம்" என்றாள் மனைவி, அதே நேரத்தில்.

"ஏன்க்கா?"

"வெயிலு. நிழலே இருக்காது."

தன் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் பாடுபடுகிறாள் என்று பொறுமைக்கு நெஞ்சு கரைந்தது. இப்படிப்பட்டவளிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மைத்துனன் எதையும் காதில் வாங்கவில்லை. வாடகைக்குக் கார் பேசிவிட்டான்.

ஞாயிறு காலை ஏரி அமைதியாகத்தான் இருந்தது. கரையில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மோட்டார் படகு, எதிர்க்கரையில் நாணல். மனைவி குடையை முகம்வரை இறக்கிப் பிடித்துக்கொண்டு கார் பக்கமே நின்றாள். மைத்துனன் காற்றடித்தான். பையின் அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு மிச்சம் கிடந்தது. உபரிச் சாமானாக இருக்கும் என்று பொறுமை அதைப் பைக்குள்ளேயே போட்டார். மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அருகில் வந்து, அவருடைய மிதவைச் சட்டையின் வார்களை மூச்சு முட்டுகிற அளவுக்கு இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

முதல் பத்து துடுப்பு வீச்சு சொர்க்கம். கரை விலகியது. மைத்துனனின் குரல் சன்னமானது. பொறுமை கண்ணை மூடி, தான் இத்தனை மாதம் ஏங்கிய நிசப்தத்தைக் கேட்டார்.

கண்ணைத் திறந்தபோது கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திருப்ப ஒரு வீச்சு போட்டார். படகு முழு வட்டம் அடித்து மறுபடியும் கரையைப் பார்த்தது. அந்தப் பிளாஸ்டிக் துண்டு எதற்கு என்று அப்போது புரிந்தது. அது அடியில் இருந்தால்தான் படகு நேராகப் போகும். அவர் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வர, காற்று அவரை மெதுவாக எதிர்க்கரைக்குத் தள்ளியது. கடைசியில் நாணலுக்குள் செருகிக்கொண்டது படகு. எழுந்து தள்ளப் பார்த்தார். எழுந்ததும் கவிழ்ந்தார்.

தண்ணீர் இடுப்பளவுதான். சேறுதான் முழங்கால் அளவு.

நாளெல்லாம் பிறர் புகாரைக் கேட்கிற மனிதர், தன் வாழ்க்கையில் முதன்முறையாகச் சத்தம் போட்டுப் புகார் சொன்னார்.

"யாராவது வாங்க."

கொட்டகையிலிருந்து ஏரிக் காவலாளி மோட்டார் படகில் வந்து, ஒன்றும் கேட்காமல், கயிறு கட்டி அவரையும் படகையும் இழுத்துக்கொண்டு போனார். கரையில் கூடியிருந்த ஏழெட்டு பேர் வழிவிட்டார்கள். ஒரு குழந்தை கைதட்டியது. மைத்துனன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்திருந்தான்.

பொறுமை சேறு சொட்டச் சொட்ட நேராகக் குடையின் முன்னால் போய் நின்றார்.

"பரிசு இல்ல" என்றார். "நானே வாங்கினேன்."

மைத்துனன் கையிலிருந்த போனைத் தாழ்த்தினான். மனைவி குடையை நிமிர்த்தவில்லை.

"ரெண்டு பேர் படகும் கடையில இருந்துச்சு. வேணும்னேதான் ஒருத்தர் படகு எடுத்தேன்."

"ஏன்?"

"ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு."

"நானுமா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு அது. அவர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"நீயும்தான்" என்றார். "உன்மேல ஒரு குறையும் இல்ல. அதனாலதான் சொல்ல வெக்கமா இருந்துச்சு. குறை இருந்தா காரணம் சொல்லியிருப்பேன்."

அவர் அழுகிறாரா, தலையிலிருந்து ஏரித் தண்ணீர் வடிகிறதா என்று சொல்ல முடியவில்லை. குடை லேசாக நடுங்கியது. அவள் அழுகிறாள் என்றுதான் பொறுமை நினைத்தார். தன் சேற்றுக் கையால் அவளைத் தொடவும் கூச்சமாக இருந்தது.

அப்போது காவலாளி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தார். குடைக்கு அடியில் குனிந்து பார்த்தவர், முகம் மலர்ந்து நின்றுவிட்டார்.

"அட, மேடம், நீங்களா? எப்பவும் வியாழக்கிழமை தனியாத்தானே வருவீங்க. உங்க படகு கொட்டகையிலதான் இருக்கு, காத்தடிச்சு வைக்கட்டுமா?"