கொசுவிலிருந்து குழந்தைக்கு மாற்றப்பட்டவரின் விண்ணப்பம்

ஆரணி,
17-7-1983.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் பத்மராஜ் அவர்களுக்கு, ஜீவகுமார் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் தங்கை சக்ரேஸ்வரியும், போன மாசியில் வந்து இன்னும் புறப்படாத என் இருமலும் அருகன் அருளால் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் குழந்தைகளும் அதைவிடச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சென்னை ஆபீஸ் கேன்டீனில் சுகாதாரத்துறை அதிகாரி ஒருவர் தினமும் உங்களோடு காபி சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்களே, அவர் நல்ல மனநிலையில் இருக்கும் சமயம் பார்த்து என் பேரைச் சொல்லி, மைக்ராஸ்கோப் மட்டும் இருக்கிற, குழந்தைகள் இல்லாத ஏதாவது ஒரு மலேரியா ஆபீசுக்கு என்னை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். வந்தவாசியானாலும் சரி, அதற்கு அப்பாலானாலும் சரி.

காரணம் சொல்கிறேன். கால் நூற்றாண்டாக எனக்கு ஒரே ஒரு எதிரிதான், கொசு. பெண் கேட்டு வந்தபோது, "ஜைனப் பையன் கொசு அடிக்கிற உத்தியோகம் பண்ணலாமா?" என்று அத்தை மறுத்ததும், "அவர் மேற்பார்வைதான் பாக்கறாரு, அடிக்கிறது மத்தவங்க" என்று நீங்கள் வாதாடி ஜெயித்ததும் நினைவிருக்கும். அந்த மத்தவங்களோடு களம்பூர்ப் பக்கம் சைக்கிளில் போன நாட்களை நினைத்தால் இப்போதும் அந்த ஊர் அரிசி மில்களில் நெல் அவியும் வாசனை மூக்கில் ஏறுகிறது. முதுகில் மருந்துப் பம்பு, முகத்தில் துணி. எங்களைக் கண்டதுமே நெசவுக்காரர்கள் தறிமேல் போர்வையைப் போர்த்தி, "பட்டுல ஒரு சொட்டு வுழுந்தா சேலயே போச்சு, கொசு சார்" என்று வாசலிலேயே கும்பிடுவார்கள். நானும் கும்பிட்டுவிட்டு உள்ளே போவேன். நம் ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் நான் சாப்பிட வேண்டும் என்று, பம்பு அடிக்கிற எல்லப்பன்தான் மற்றவர்களை விரட்டுவான். "ஜல்தி, ஜல்தி! சாருக்கு சோத்து நேரம் போய்கினு இருக்குது!" அந்த அவசரத்தில் சில சுவர்களுக்கு மருந்து இரண்டு தரம் விழுந்ததும் உண்டு. வேலை முடிந்தால் சுவரில் தேதி எழுதுவோம். அதோடு அந்த வீட்டுக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது.

இப்போது மாநிலம் முழுக்கச் சீர்திருத்தமாம். மலேரியாவுக்கு ஒருவர், பிரசவத்துக்கு ஒருவர், தடுப்பூசிக்கு ஒருவர் என்று ஒரே தெருவுக்குப் பலர் போவது வீண், இனி எல்லாரும் எல்லாம் செய்யும் பல்நோக்குப் பணியாளர்கள் என்று உத்தரவு. நினைத்துப் பார்த்தால் நியாயம்தான், வேறு யாருக்காவது நடந்திருந்தால். எங்கள் சுகாதார நிலைய டாக்டரம்மா உத்தரவை வாசித்து முடித்ததும், பிரசவம் பார்க்கிற ஆதிலட்சுமி என் ரத்தப் பரிசோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, குழந்தையை எடை போடும் கொக்கித் தராசை என் கையில் மாட்டினாள். "பயப்படாதீங்க சார், கொசு மாதிரி பறந்துடாது" என்றாள்.

முதலில் தனக்கோடி வீடு. பட்டுத் தறிக்காரர், வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தை. விட்டத்தில் தராசை மாட்டி, துணித் தூளியில் குழந்தையை வைத்தேன். தனக்கோடிக்கு வந்ததே கோபம்! "முதலாளி பட்டு நூல எடை போடற மாதிரி எம் பொண்ண எடை போடறியா? உந்தராசு சுத்த மோசம், கம்மியா காட்டுது!" என்று தன் நூல் தராசைக் கொண்டுவந்து வைத்தார். குழந்தை ஒரு தட்டில் அடங்கவில்லை. அவர் மனைவி அம்மணி, "ரெண்டு தராசும் வேணாம், எம் மடிக்குத் தெரியும்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசச் சொன்னார்கள். தெருப் பெண்களெல்லாம் கூடியிருந்தார்கள். எனக்கு வாய் திறந்தால் கொசுதான் வருகிறது. "உற்பத்திய ஆரம்பத்துலயே தடுக்கணும், எங்கயும் தேங்க வுடக்கூடாது, வாரம் ஒருநாள் எல்லாத்தையும் கவுத்துடணும்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்தத் தெருவில் என்னைப் பார்த்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். வீட்டில் உங்கள் தங்கையும் அப்படித்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் மச்சான். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மணி தெருவில் ஓடிவந்து என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து குழந்தைக்கு வாந்தியும் பேதியும். ஆதிலட்சுமி சேத்துப்பட்டில் பயிற்சியில் இருந்தாள். டாக்டரம்மா, இந்தச் சீர்திருத்தத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று பேச வேலூர் போயிருந்தார். நடைமுறை என்று மிஞ்சியது நான் ஒருவன்தான். குழந்தைக்குக் கண் உள்ளே போய், நாக்கு வறண்டிருந்தது. அழக்கூடச் சத்தமில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று, பயிற்சியில் கொடுத்த உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்தேன்.

"ஊசி போடாம தண்ணி குடுத்துகினு இருந்தா எப்படி சார் நிக்கும்? கீழ போறதே தண்ணிதானே?" என்றார் தனக்கோடி.

"போறதத்தாங்க திருப்பிக் குடுக்கறோம்" என்றேன். சொன்ன குரல் என்னுடையதாகவே இல்லை.

அம்மணி மடியில் வைத்துக்கொள்ள, நான் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். என் காக்கிச் சட்டையெல்லாம் வாந்தி. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். தனக்கோடி தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு, நெய்யவுமில்லாமல் எழுந்திருக்கவுமில்லாமல் தறியில் ஓடிய பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து ஹாரன் அடித்தபோது குழந்தையைத் தூக்கினேன். அப்போதுதான், காலையிலிருந்து போகாத மூத்திரத்தை அது என்மேல் போனது. அதற்குப் பிறகு ஊரே கேட்கிற மாதிரி ஓர் அழுகை! அம்மணி சிரிக்கிறாள், அழுகிறாள். நான் குழந்தையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறமும் விடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். "இதையே குடுங்க, பொழச்சிக்கும்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

கொசு செத்தாலும் பிழைத்தாலும் எனக்குத் தூக்கம் வந்தது மச்சான். இப்போது வருவதில்லை. எந்தச் சுவரிலும் தேதி எழுதிவிட்டு வர முடியாத வேலை இது. எனக்கு அந்தச் சைக்கிளும் எல்லப்பன் குரலும் போதும். தயவுசெய்து காபி நேரத்தில் சொல்லுங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் நோயின்றி, நிறையப் படித்து, ஒரே வேலை உள்ள உத்தியோகத்தில் அமர ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மா. ஜீவகுமார்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டதால் இதை வெளிப்பக்கம் எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போகும் வழியில் நெசவுத் தெருப் பெண்கள் என்னை மறித்தார்கள். ஆளுக்கொரு குழந்தை. தராசை எடுத்து வரச் சொல்கிறார்கள். தனக்கோடி விட்டத்தில் புதுக்கயிறு கட்டி வைத்திருக்கிறாராம், "மொதல்ல எம் பொண்ணு" என்று தகராறு வேறு. ஆகவே அதிகாரியிடம் எதுவும் பேச வேண்டாம். ஏற்கெனவே பேசியிருந்தால், அது வேறு ஜீவகுமார் என்று சொல்லிவிடுங்கள். அவர் நம்பாவிட்டால், அடுத்த காபி என் செலவு.