மலையே சற்று நில்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. தையல்கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவர் சொல்லக் கேட்டது. ஆகவே நாள், நேரத்தில் பிழை இருக்கலாம். எழுத்தில் இருக்காது, அதை மட்டும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.

அந்தத் தையல்காரருக்கு ழகரம் வராது. மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். அவருடைய அக்காவுக்கு அது சுத்தமாக வந்ததால்தான், நாற்பது வருடத்துக்கு முன் ஒரு பாட்டில் இரண்டு வரி பாடக் கூப்பிட்டார்கள். ‘மழையே சற்று நில்’ என்று தொடங்கும் பாட்டு. இசைத்தட்டின் உறையில் அக்காவின் பெயர் இல்லை. போன வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதோடு குரலும் போயிற்று. சொல்ல வேண்டியதைத் தம்பியின் சாக்கட்டியால் வெட்டுத்துணியில் எழுதிக் காட்டுவாள்.

இந்த நிலையில், இணையத்தில் இயங்கும் பொற்காலப் பாடல் பேரவை ஓர் அறிவிப்பு விட்டது. நூறு பழைய பாடல்களுக்கு வாக்கெடுப்பு. முதலிடம் பெறும் பாட்டில் ஒரு வரி பாடியவர் பெயர்கூட விடாமல் நிரந்தரமாகப் பதியப்படும். பேரவைத் தலைவர் ஓர் அலுவலகத்தில் பதிவறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். பதிவறை அவரோடு வந்துவிட்டது.

தையல்காரருக்குக் கை ஒழியவில்லை. பாட்டின் இணைப்பை அனுப்பிவிட்டு, அதன் பெயரை வாயாலேயே சொல்லிக் குரல்பதிவாக அனுப்பினார். கேட்டபடியே பட்டியலில் ஏற்றினார்கள். எண் 43: மலையே சற்று நில்.

தலைவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

“சார், அது மலை இல்ல. மலை.”

“அதைத்தானே போட்டிருக்கோம்?”

“இல்ல சார். மேலேருந்து விழுமே, அந்த மலை.”

“நிலச்சரிவா?”

“தண்ணி சார். குடை பிடிப்போமே.”

“டெய்லர், உங்க குரலை மூணு தடவை போட்டுக் கேட்டாச்சு. மலைன்னுதான் இருக்கு. இப்பவும் அதையேதான் சொல்றீங்க. வாக்குமூலம் கொஞ்சம்கூட மாறல.”

அக்காவே ஒரு மனு எழுதி அனுப்பினாள். பதில் வந்தது: ‘பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி எழுத்து, முன்னர் பெறப்பட்ட குரலோடு முரண்படுவதாலும், வாக்கெடுப்பு தொடங்கிவிட்டபடியாலும், மலையை நகர்த்த இயலாது.’

அதற்குள் மலை வளர ஆரம்பித்திருந்தது. ‘நிற்கிற மலையைப் பார்த்து நில் என்கிறார் கவிஞர், நாமெல்லாம் விழுந்துவிடுகிறோம்’ என்று ஒரு பேராசிரியர் எழுதினார். பள்ளி நாட்களில் இதைக் கேட்டுத் தேம்பி அழுததாக ஒரு பல் மருத்துவர் எழுதினார். இந்தப் பாட்டில் கதாநாயகன் மலை ஏறுவான் என்று ஒருவர் சொல்ல, இறங்குவான் என்று இன்னொருவர் சொல்ல, பேரவை இரண்டாக உடைந்தது. இரு தரப்பும் மலைப்படம் போட்ட சட்டை தைக்கக் கொடுத்தது, பாவம், இவர் கடையில்தான். ஏறுகிறவர்களுக்கு நீலம், இறங்குகிறவர்களுக்குப் பச்சை.

மலை முதலிடம் பெற்றது. ‘பாடியவர்: ஆய்வுக்குழுவின் முடிவுப்படி, கம்பீரமான ஓர் ஆண்குரல். பெயர் பின்னர்.’

“எங்க அக்கா பாடினது சார்,” என்றார் தையல்காரர்.

“அவங்க பாடினது மழைன்னு அவங்களே கைப்பட எழுதிக் கொடுத்திருக்காங்க. அந்தப் பாட்டு போட்டியிலயே இல்லையே?”

தையல்காரர் போனை வைத்துவிட்டு, கேட்டதை அக்காவிடம் அப்படியே சொன்னார். அக்கா ஒரு பச்சை வெட்டுத்துணியை எடுத்து எழுதினாள்: ‘விடுடா. சின்ன வயசுலேருந்து உன்னைத் திருத்தினேன். இனிமே நீ சொல்றதுதான் சரி.’

காஜா எடுப்பவர் சொன்னது இவ்வளவுதான். பிறகு நான் பேரவைப் பக்கத்தில் போய்ச் சரிபார்த்தேன். எண் 43-க்குக் கீழே அந்த இணைப்பு இன்னும் இருக்கிறது. தொட்டால் மழைதான். இரண்டாம் சரணத்தில் ஒரு பெண்குரல் இரண்டு வரி பாடுகிறது. ழகரம் அப்படியே தனியாகக் கேட்கிறது. விழுந்த வாக்குகள் 6,140. இணைப்பைத் தொட்டுக் கேட்டவர்கள் ஒன்பது பேர். பத்தாவது ஆள் நான், மலைக்கு வாக்களித்து எட்டு மாதம் கழித்து.