முந்தினநாள் கவர்னர்

கர்நாடகத்துக்கு எத்தனையோ கவர்னர்கள் வந்தார்கள், போனார்கள். இருபது வருடம் பதவியை விட்டு அசையாத கவர்னர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் மைசூரில், எங்கள் பல்கலைக்கழகத்தின் தபால் பிரிவில் சூப்பரின்டென்டென்டாக இருந்தார்.

விஷயம் இதுதான். பட்டமளிப்பு விழாவுக்கு வேந்தர் என்ற முறையில் கவர்னர் வருவார். அதற்கு முந்தின நாள் ஒத்திகை நடக்கும். ஒத்திகைக்கெல்லாம் கவர்னர் வரமாட்டார் அல்லவா? அவருக்குப் பதிலாக யாராவது ஊர்வலத்தில் நடந்து, நடு நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கில் பேசிப் பார்க்க வேண்டும். எந்தக் காலத்திலோ இருந்த ஒரு கவர்னரும் எங்கள் சூப்பரின்டென்டென்டும் ஒரே உயரம் என்று மைக் செட்காரர் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் உயரமானவர், குள்ளமானவர் என்று கவர்னர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இவர் மட்டும் மாறவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால்தான் அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதே எங்களுக்கு ஞாபகம் வரும்.

மேல்கோட்டைப் பூர்வீகம். மைசூர் அக்ரஹாரத்தில் வீடு. விழா வாரம் பிறந்துவிட்டால் அங்கிருந்து ஆபீஸ் வரை ஸ்கூட்டரை ஊர்வல வேகத்தில்தான் ஓட்டுவார். பின்னால் வருபவர்கள் பொறுமை இழந்து ஹாரன் அடித்தால், திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி ஆசீர்வதிப்பார். கான்டீனுக்குப் போகும்போது எங்களில் இரண்டு பேர் முன்னால் நடக்க வேண்டும், இரண்டு பேர் பின்னால். "இப்பவே பழகிக்கலைன்னா அன்னிக்குக் கால் இடறும்" என்பார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். மைக்கைத்தான் பொறுக்க முடியாது. மற்றவர்கள் மைக்கைத் தட்டி "ஒன், டூ, த்ரீ" சொல்வார்கள். இவர் மகாராஜா காலத்திலிருந்து ஆரம்பிப்பார். இரண்டே கல்லூரிகளோடு பல்கலைக்கழகம் தொடங்கியது, முதன்முதலில் பெண்கள் பட்டம் வாங்கியது, ஏரிக்கரைப் பக்கம் புது வளாகம் வந்தது, அஞ்சல் வழிப் படிப்பு ஆரம்பித்தது என்று கடல்மடை திறந்த இங்கிலீஷில் ஒவ்வொன்றாக வரும். வெளியூரில் இருந்த இரண்டு முதுகலை மையங்கள் பிரிந்து தனிப் பல்கலைக்கழகங்கள் ஆன இடத்தில் மட்டும் குரல் கம்மும். பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பனார் மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வருடா வருடம் கடைசியில் ஒரு வரி கூடும். எதுவும் குறையாது.

ஒரு தடவை பதிவாளர், "ஸ்வல்ப கட் பண்ணுங்க ஸ்வாமி, மைக் நல்லாத்தானே இருக்கு" என்று கெஞ்சினார்.

"பேஷா பண்ணிடலாம் சார். எந்த வருஷத்தை வெட்டணும்னு சொல்லுங்கோ. அந்த வருஷம் பாஸ் பண்ணினவா அத்தனை பேருக்கும் நானே ரிஜிஸ்டர் தபால்ல தகவல் அனுப்பிடறேன். நீங்க பாஸ் பண்ணின வருஷத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாமா?"



தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு எம்.ஏ. கிடைத்தது. அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்துகொண்டே அஞ்சல் வழியில் படித்து, இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை கரையேறினேன். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூரில் இருந்த அப்பாவுக்கு எழுதினேன். ஆபீஸ் புத்தி விடுமா? சுற்றறிக்கை மாதிரி, வெள்ளிக்கிழமை ஒத்திகை, சனிக்கிழமை விழா என்று வரிசைப்படுத்தி எழுதித் தொலைத்தேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ வாசித்துக் காட்டியதில் முதல் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மண்டப வாசலில் அப்பா புது வேட்டியோடு நிற்கிறார். பக்கத்தில் பட்டுப்புடவையில் அம்மா.

"பஸ்சு லேட்டுடா. ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார் அப்பா.

"நாளைக்கு இருப்பீங்கள்ல?" என்று கேட்டேன்.

"அதெப்படி இருக்கறது? மாடு இன்னைக்கோ நாளைக்கோ கண்ணு போடுமாட்ட இருக்குது. சாயங்கால பஸ்சுக்குப் போயாவோணும்."

இது ஒத்திகைதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதர் பிறந்ததிலிருந்து பார்க்க வந்த முதல் பட்டம் அது. இருவரையும் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடைக்கு ஓடினேன்.

"சார், எங்கப்பா இன்னைக்கே வந்துட்டாருங்க. நாளைக்கு இருக்க மாட்டாருங்க. மாடு கன்னு போடப்போகுதாம்."

கவர்னர் பின்வரிசையை எட்டிப் பார்த்தார். "அப்போ இன்னிக்குத்தான்யா உமக்குக் கான்வகேஷன். போய் கவுன் மாட்டிண்டு வாரும்."

ஊர்வலம் வந்தது. கவர்னர் மைக்கைப் பிடித்தார். வழக்கமான சரித்திரம்தான், ஆனால் அன்று முழுக்கத் தமிழில். மகாராஜாவில் தொடங்கி ஒவ்வொரு வருடமாக வந்து, கடைசி வரியில் நிறுத்தினார். "இந்த வருஷம், ஹனூர் விவசாயி ஒருத்தரோட பிள்ளை, நம்ம தபால் பிரிவுல வேலை பாத்துண்டே எம்.ஏ. பாஸ் பண்ணியிருக்கார்" என்று சொல்லி என் பெயரைக் கூப்பிட்டார்.

பதிவாளர் துள்ளி எழுந்தார். "இவர் மேடைக்கு வர்ற லிஸ்ட்லயே இல்லையே!"

கவர்னர் கையை லேசாகத் தாழ்த்திக் காட்டினார். பல வருடப் பழக்கம். பதிவாளர் தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தின்படி" என்று சொல்லி, ரிப்பன் கட்டிய வெற்றுத்தாள் சுருளை என் கையில் கொடுத்தார். அந்த அதிகாரம் தபால் பிரிவு வாசலோடு முடிகிறது என்பது அப்பா அம்மாவைத் தவிர மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் அப்பா நேரே போய் அவரைக் கும்பிட்டார். "சாமி, பெரிய மனசு பண்ணி எம் பையனுக்குக் குடுத்தீங்க."

"நான் எங்க குடுத்தேன்? அவர் படிச்சார், வாங்கிண்டார்" என்ற கவர்னர், குரலைத் தாழ்த்தி, "மாட்டுக்கு இது எத்தனாவது கன்னு?" என்று விசாரித்தார்.

"மூணாவதுங்க."

"சரி, பஸ்ஸை விட்டுடாதேள்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் நிஜ விழா. நூற்றுக்கணக்கானவர்களோடு நானும் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். பெயரெல்லாம் கூப்பிடவில்லை. பட்டம் பிறகு தபாலில் வந்தது. என் பிரிவின் வழியாகவேதான்.

அடுத்த வருட ஒத்திகையில் சரித்திரம் மறுபடி இங்கிலீஷுக்குப் போய்விட்டது. அஞ்சல் வழிப் படிப்பு வந்தது, கம்ப்யூட்டர் மையம் வந்தது, இரண்டுக்கும் நடுவில் ஹனூர் விவசாயியின் மகனும் வந்தான். அவனை அவர் நீக்கவே இல்லை. பல்கலைக்கழகம் அச்சிட்ட எந்த மலரிலும் இல்லாத அந்த வரியை, ஓய்வு பெறும் வரை வருடம் தவறாமல் வாசித்தார்.

அவருடைய கடைசி ஒத்திகையில் அந்த வரி வந்தபோது, காலி நாற்காலிகளுக்கு நடுவே நான் எழுந்து நின்றேன். என் கவர்னர் கையைத் தாழ்த்திக் காட்டும்வரை உட்காரவில்லை.